களி கிண்டாத அடுப்பு

குண்டலுபேட்டைக்குப் பக்கத்து ஊரில்தான் என் அடுப்பு நழுவியது. முதுகலைப் பொறியியல் படிப்புக்காக நான் செய்த இரும்பு விறகடுப்பு அது. ஆய்வகத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, விறகை எடைபோட்டு, புகையை அளந்து தேறியது. கன்னடம் தெரிந்த நண்பனை வைத்துப் படம் போட்ட தாள்கள்கூடத் தயாரித்திருந்தேன். மக்களுக்கு அறிவியல் சொல்வது என்றால் தெரிந்ததை எளிமையாகச் சொல்வது என்றே நம்பியிருந்தேன்.

அடுப்பை வைத்த வீட்டு அக்கா தாளவாடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். ராகி மாவைக் கொட்டி, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக் கிண்டியதுமே பாத்திரத்தோடு அடுப்பும் நகர்ந்தது. "ஏங்கண்ணு, ஒருக்காவாவது களி கிண்டிப் பாத்தீங்களா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் கிண்டியதில்லை.

பந்திப்பூர் காட்டை ஒட்டிய ஊர்கள் இவை. சமையலுக்கு சிலிண்டர் வந்த வீட்டிலும் குளிக்க வெந்நீர் விறகில்தான் காய்கிறது. யானை நடமாடும் ஓரத்தில் போய்ப் பொறுக்கிய விறகு அது. ஒரு கட்டு மிச்சமானால் ஒரு நடை மிச்சம். அதனால்தான் அந்தத் தோல்வி எனக்கு வலித்தது.

அன்றிரவு அமூல்யா ரெட்டியின் நினைவு வந்தது. மின்வேதியியலில் பெயர்பெற்றவர்; 1974-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்கென்றே 'அஸ்த்ரா' என்ற அமைப்பைத் தொடங்கினார். தும்கூர் மாவட்டத்துப் புரா கிராமத்தில் அவர்கள் அமைத்த சாண எரிவாயுக் கலன் முதலில் சமையலுக்காகத்தான். எல்லா அடுப்புக்கும் வாயு போதவில்லை, திட்டம் நின்றது. பிறகு ஊரைக் கேட்டார்கள். முதல் தேவை குடிதண்ணீர் என்றது ஊர். அதே வாயுவில் இயந்திரத்தை ஓட்டி மின்சாரம் எடுத்தார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் தெருவுக்கு வந்தது, 1987-இல் வீடுகளில் விளக்கும் எரிந்தது.

தேர்வுக்காக இதைப் படித்தபோது வாயுவின் கணக்கைத்தான் குறித்துவைத்தேன். ஊரைக் கேட்ட வரி கண்ணிலேயே படவில்லை. கேட்பதை ஆய்வு முடிந்தபிறகு செய்யும் மரியாதையாகவே நான் வைத்திருந்தேன். அந்த அக்காவின் கேள்வியோ அடுப்பின் வடிவத்தையே மாற்றக்கூடியது. முதல் நாளே அது என் குறிப்பேட்டில் ஏறியிருக்க வேண்டும்.

இப்போது செய்வது மண் அடுப்பு. பாதி தரைக்குள் பதிந்திருக்கும், பாத்திரம் குழியில் அமரும். தண்ணீர்ச் சோதனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எரிசக்தி ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகளே, முதல் வரைபடம் போடும் முன் யாராவது ஒருவரின் அடுப்படியில் போய் உட்காருங்கள். துடுப்பை ஒருமுறை வாங்கிக் கிண்டிப் பாருங்கள்.