காத்திருத்தலின் நியாயம்

வாங்குவதென்று தீர்மானித்துவிட்டவன் வாங்காமலிருப்பது ஒரு தனி மனநிலை. பணம் இருக்கிறது; தேவை இருக்கிறது; கடையில் பொருளும் இருக்கிறது. ஆனாலும் கை நீள்வதில்லை. அடுத்தது வரப்போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரன் இருக்கிற சரக்கின் விலையைக் குறைத்தால் வதந்தி ஊர்ஜிதமாகிவிடுகிறது. குறைக்காவிட்டால், இன்னும் குறைக்கவில்லை, அவ்வளவுதான் என்றாகிறது. எது நடந்தாலும் அது காத்திருப்பதற்கான சாட்சியமாகவே படுகிறது. கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பலர் இந்த நிலையில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், வாசம் செய்கிறார்கள். சபலம் என்றோ கருமித்தனம் என்றோ இதை ஒதுக்கிவிட முடியாது. இதற்குள் ஒரு நீதிப் பிரச்னை இருக்கிறது.

முதலில் காத்திருப்பவனின் கட்சியைச் சொல்லிவிட வேண்டும். அவனுடைய தர்க்கத்தில் பிழை இல்லை. ஒரு சில்லில் அடக்கக்கூடிய உறுப்புகளின் எண்ணிக்கை வருஷத்துக்கு ஒரு தடவை இரு மடங்காகும் என்று 1965ல் கார்டன் மூர் எழுதினார். 1975ல், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்று திருத்திக்கொண்டார். பல பத்தாண்டுகள் காரியம் ஏறக்குறைய அப்படியே நடந்தது. நிலமோ துணியோ தராத ஒன்றை இந்தப் பண்டம் தந்து வந்தது: சும்மா இருப்பதற்குக் கூலி. இன்று வாங்காதவனுக்கு நாளை அதே பணத்தில் அதிகம் கிடைத்தது. ஆனால் நாளை வந்ததும் அதே தர்க்கம் அதே பலத்தோடு மறுபடியும் அவன் முன் வந்து நிற்கிறது. காத்திருக்கச் சொல்லும் காரணம் காத்திருப்பதால் தேய்வதில்லை. எந்த நாளிலும் செல்லுபடியாகும் ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு எந்த நாளையும் தேர்ந்தெடுக்க முடியாது. தர்க்கம் சரியாக இருந்தும் செயல் பிறப்பதில்லை.

இந்த மனநிலைக்கு வியாபார உலகம் ஒரு மனிதரின் பெயரையே சூட்டியிருக்கிறது. ஆடம் ஆஸ்பர்ன் 1981ல் கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட 11 கிலோ எடை. 5 அங்குலத் திரை. ஒரு வரிக்கு 52 எழுத்து. விலை 1,795 டாலர். எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்குமான மென்பொருள்களை அந்த விலைக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தார். யந்திரம் அழகாக இல்லை, போதுமானதாக இருந்தது. அமோகமாக விற்றது. 1983ல் அதைவிட மேலான எக்ஸிக்யூடிவ் என்ற அடுத்த யந்திரம் பற்றிய செய்தி பரவியது. ஜனங்கள் பழையதை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், வரவு நின்று போயிற்று, அந்த வருஷம் செப்டம்பரில் கம்பெனி திவாலாயிற்று என்பது கதை. கதை இவ்வளவு சுத்தமானதல்ல என்று பின்னால் மறுத்திருக்கிறார்கள். 9 அங்குலத் திரையோடு கேப்ரோ போட்டிக்கு வந்திருந்தது, ஐ.பி.எம். வகை யந்திரங்கள் பெருகத் தொடங்கியிருந்தன. நிர்வாகத்திலும் கோளாறுகள் இருந்தன. இவையெல்லாம் இருந்தும் "ஆஸ்பர்ன் விளைவு" என்ற பெயர் நிலைத்துவிட்டது. வரப்போவதை முன்கூட்டிச் சொன்னவன் அழிந்தான் என்ற நீதி வியாபாரிகளுக்குத் தேவையாக இருந்திருக்க வேண்டும்.

அந்த நீதியை அவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். வரப்போவதை மறைப்பது தொழில் ஒழுக்கமாயிற்று. மறைத்த இடத்தில் வதந்தி முளைத்தது. வதந்தி காத்திருப்பவர்களைப் பெருக்கியது. வாங்குபவன் பொய்யை நம்பி ஏமாறுகிறான் என்று சொல்வது எளிது. ஆனால் உண்மையைச் சொன்னவனைத் தண்டித்ததும் அவன் கைதான். எனினும் இது தப்ப முடியாத விதி அல்ல. தன் கம்ப்யூட்டர்களின் மையச் சில்லையே மாற்றப்போவதாக ஆப்பிள் 2005ஜூனிலும் 2020 ஜூனிலும் பகிரங்கமாக அறிவித்தது. 2006 ஜனவரியிலும் 2020 நவம்பரிலும் புதியவை வந்து சேர்ந்தன. இடைப்பட்ட மாதங்களில் கம்பெனி சாகவில்லை; பழையதை வாங்கியவர்களும் இருந்தார்கள்.

அவர்கள் யார்? நம் கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. 2007 ஜூன் கடைசியில் ஐபோன் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 599 டாலருக்கு விற்றதை இரண்டு மாதம் சென்றதும், செப்டம்பரில், 399 டாலராகக் குறைத்தார்கள். முதலில் வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, 100 டாலருக்குத் தம் கடையில் பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்றார். விலை எப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும், அதற்காகக் காத்திருப்பவன் என்றைக்குமே வாங்க மாட்டான் என்பதும் அந்தக் கடிதத்தின் சாரம். விற்பவன் வாயிலிருந்து வருவதாலேயே ஒரு வாதம் பொய்யாகிவிடாது. ஆனால் கொதித்தவர்களின் கோபத்தில் அவர் தொடாத ஒரு நியாயம் இருந்தது. 399 டாலருக்கு வாங்கியவனின் லாபத்தை 599 கொடுத்தவன் ஈட்டிக் கொடுத்திருக்கிறான். குறையுள்ள முதல் யந்திரத்தை யாரோ வாங்கியதால்தான் குறை தீர்ந்த இரண்டாவது யந்திரம் இருக்கிறது. காத்திருப்பவன் தன் பொறுமையால் சம்பாதித்ததாக நினைத்துக்கொள்வது மற்றவர்களின் அவசரத்திலிருந்து வந்த வரவு. எல்லோரும் அவனைப் போலவே புத்திசாலிகளாக இருந்துவிட்டால் அவன் காத்திருக்கும் பொருள் பிறக்காது. எல்லோரும் செய்தால் தானே அழிந்துபோகும் ஒரு காரியத்தை விவேகம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

காத்திருத்தல் நமக்குப் புதிதல்ல. முல்லையின் உரிப்பொருளே இருத்தல். அங்கேயும் அறிகுறிகள் உண்டு; அவற்றைப் பற்றிய சண்டையும் உண்டு. கொன்றை பூத்துவிட்டது, அவர் சொன்ன கார்காலம் வந்துவிட்டது என்று தலைவி கலங்குகிறாள். இது காலமல்லாத காலத்து மழை, அறியாமல் மரம் பூத்துவிட்டது என்று தோழி மறுக்கிறாள். இன்றைய வதந்தி இல்லாத வரவை உண்டென்று சொல்லி நம்மை நிறுத்தி வைக்கிறது. தோழி வந்துவிட்ட பருவத்தை இல்லையென்று சொல்லி அவளைக் காக்கிறாள். இரண்டும் பொய்தான். ஆனால் முல்லையில் வருவதாக வாக்குக் கொடுத்த ஒருவன் இருக்கிறான். அவன் இடத்தில் வைக்க வேறொருவன் இல்லை.

ஆடம் ஆஸ்பர்னின் வாழ்க்கையிலேயே இந்த இன்னொரு காத்திருத்தல் இருந்திருக்கிறது. அவர் 1939ல் பாங்காக்கில் பிறந்தவர். தகப்பனார் ஆர்தர் ஆஸ்பர்ன், பின்னாளில் ரமணரின் வரலாற்றை எழுதியவர். 1964ல் ரமணாசிரமத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய 'மௌண்டன் பாத்' பத்திரிகையின் ஆசிரியர். யுத்தத்தின்போது ஆர்தரை ஜப்பானியர் சயாமில் சிறைவைத்திருந்தார்கள். மனைவியும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலையில் அவர் வரவுக்காகக் காத்திருந்தார்கள். 1945ல் வந்து சேர்ந்தார். (ஆடம் 2003ல் காலமானதும் தமிழ்நாட்டில்தான், கொடைக்கானலில்.) இதில் விதியின் கேலி எதையும் தேட வேண்டியதில்லை. ஒரே சொல் இரண்டு அனுபவங்களைக் குறிக்கிறது என்பதைக் கவனித்தால் போதும். சிறைப்பட்ட தகப்பனுக்காகக் காத்திருக்கும் குழந்தை எதிரில் இருக்கும் எதையும் நிராகரிக்கவில்லை. அது சாப்பிடுகிறது, விளையாடுகிறது, நாட்கள் அதற்கு முழுமையாகவே கழிகின்றன. ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அடுத்த யந்திரத்துக்காகக் காத்திருப்பவனுக்குக் காலியிடம் இல்லை. எதிரிலிருப்பதைக் குறையுள்ளதாக்கி அந்தக் காலியிடத்தை அவனே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடையில் நேற்றுவரை போதுமானதாக இருந்த பொருள் ஒரு வதந்தியில் ஊனமாகிவிடுகிறது. பொருளில் எந்த மாற்றமும் நிகழவில்லை. பார்வை மட்டும் நாளைக்குக் குடிபோய்விட்டது.

ஆகவே காத்திருப்பதே தவறு என்றும் சொல்வதற்கில்லை. ஒரு காரியமும் தடைப்படாதவன் எவ்வளவு வேண்டுமானாலும் காத்திருக்கலாம். தனக்கு அந்தப் பொருள் தேவையில்லை என்பதையே அவன் நிரூபித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு மாதச் சேமிப்பில் வாங்குகிறவன் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் அவனைக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் எழுத வேண்டியதை, கணக்கிட வேண்டியதை, வரைய வேண்டியதை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பவன் விலையில் மிச்சம் பிடிப்பதை நாட்களில் கட்டிவிடுகிறான். நாட்களுக்குத் தள்ளுபடி கிடையாது. என்ன வரப்போகிறது என்று விசாரிப்பதற்கு முன்னால், என்ன நின்றுபோயிருக்கிறது என்று அவன் தன்னைக் கேட்டுக்கொண்டாக வேண்டும்.

நம்மில் பலருக்கு இது யந்திரத்தோடு முடிகிற விஷயமில்லை. இன்னும் சரியான மொழி அமையட்டும், உருவம் கைவரட்டும் என்று எழுதாமலிருக்கிறவர்கள் உண்டு. அடுத்த இதழ் நன்றாக வந்தால் சந்தா கட்டலாம் என்றிருக்கிறவர்களும் உண்டு. சிறுபத்திரிகையைப் பொறுத்தவரை கணக்கு நேரானது. அச்சுப் பிழைகளோடும் அசட்டுக் கவிதை இரண்டோடும் இந்த இதழைச் சில நூறு பேர் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். அடுத்த இதழ் அந்தக் காசில்தான் அச்சாகிறது.