அருவருப்பும் அருளும்



ஸம்ஸ்கிருதத்தில் 'க்ருணா' என்றொரு சொல் உண்டு. அகராதியில் அதற்கு இரக்கம் என்றும் பொருள் இருக்கிறது. அருவருப்பு என்றும் பொருள் இருக்கிறது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், ஒருவன் இன்பத்திலும் மற்றொருவன் துன்பத்திலும் கிடப்பதைக் கண்டு, ஈசுவரனுக்கு 'நைர்க்ருண்யம்' என்னும் குற்றம் வருமோ என்ற ஐயம் ஆராயப்படுகிறது. க்ருணை இல்லாத தன்மை, அதாவது இரக்கமின்மை என்பது அங்கே பொருள். தந்திர நூல்களோ ஜீவனைக் கட்டிவைக்கும் எட்டுப் பாசங்களை எண்ணும்போது, அதே க்ருணையைத்தான் முதலில் வைக்கின்றன. அங்கே அது அருவருப்பு. ஹிந்தி பேசுவோரிடம் இன்று வழங்குவது இந்தப் பொருள்தான்.

கட்டும் ஒன்றிற்கும் கட்டை அவிழ்க்கும் ஒன்றிற்கும் எப்படி ஒரே பெயர் அமைந்தது? இதை வெறும் சொல்லாராய்ச்சி என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒரு நாய் வந்துதான் எனக்கு அதை விளக்கியது.

அப்போது நான் ஜபல்பூரில், நர்மதைக் கரைக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஒரு சிறிய மையத்தில் வகுப்புகள் நடத்திக்கொண்டிருந்தேன். கார்த்திகை மாதம் பிறந்து குளிர் ஏறத் தொடங்கியிருந்தது. கீதையில் ஐந்தாம் அத்தியாயம். கல்வியும் அடக்கமும் உடைய அந்தணனிடத்தும், பசுவினிடத்தும், யானையினிடத்தும், நாயினிடத்தும், நாயைச் சமைத்து உண்பவனிடத்தும் ஞானிகள் ஒன்றையே காண்கிறார்கள் என்று பகவான் அருளும் 18-ஆவது சுலோகம். அன்று மாலை, பாதரட்சைகளை விடும் இடத்தில் ஒரு நாய் வந்து படுத்திருந்தது.

அதை நாய் என்று சொல்லவே சிறிது தயக்கம் வேண்டும். உடலில் ரோமம் இல்லை. தோல் தடித்து, சாம்பல் நிறத்தில், யானைத் தோல்போல மடிப்பு மடிப்பாக இருந்தது. காது ஓரங்களில் பொருக்கு கட்டியிருந்தது. கண் இமைகள் வீங்கி, பார்வைக்கு ஒரு கீற்றுதான் மிச்சம். காற்று திரும்பினால் நாற்றம் கூடத்திற்குள் வந்தது. கழுத்தில் மட்டும் சாயம் போன ஒரு பட்டை. யாரோ ஒரு காலத்தில் அதை ஆசையாக வாங்கி வளர்த்திருக்கிறார்கள். நோய் வந்தபின் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

அதை விரட்டும்படி காவலரிடம் கைகாட்டினேன். அவர் தரையில் கோலைத் தட்டினார். அது எழுந்து சாலை ஓரத்திற்குப் போய் நின்றது. நான் உள்ளே போய்ச் சமதிருஷ்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். 'பார்வையில்தான் சமம், நடத்தையில் வேறுபாடு உண்டு' என்று பெரியோர்கள் சொல்லிவரும் விளக்கத்தையும் சொன்னேன். அந்த விளக்கம் தவறன்று. ஆனால் அன்று அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

வகுப்பு முடிந்ததும், சமையலறையில் பாத்திரம் துலக்கும் மாதாஜி வந்து கைகூப்பி, "சுவாமிஜி, எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தாயிற்று. வெளியே நிற்கிறதே, அதற்கும் கொடுக்கலாமா? முதலில் உங்களிடம் கேட்கவேண்டும் என்று நினைத்தேன்" என்றார். குத்திக்காட்டும் எண்ணம் அவர் குரலில் சிறிதும் இல்லை. அனுமதிதான் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

மஹாபாரதம் எங்கே தொடங்குகிறது என்று அன்று இரவு நினைத்துப் பார்த்தேன். ஆதி பருவத்தின் தொடக்கப் பகுதியிலேயே ஜனமேஜயனுடைய யாகசாலைக்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. ஸரமை என்னும் தேவலோக நாயின் பிள்ளை அது. அவி உணவை அது நக்கவுமில்லை, பார்க்கவுமில்லை. ஆனாலும் அரசனின் தம்பியர் அதை அடித்துத் துரத்துகிறார்கள். குற்றமற்றதை அடித்தீர்கள், எதிர்பாராத அச்சம் உங்களை வந்து சேரும் என்று தாய் சபிக்கிறாள். யாகம் செய்பவர்கள் திகைத்துப்போகிறார்கள். இதிகாசத்தின் மறுமுனையில், மஹாபிரஸ்தானிக பருவத்தில், தேர் வந்து நிற்கிறது. நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான் இந்திரன். அண்டி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாம் என்கிறார் யுதிஷ்டிரர். யுதிஷ்டிரரின் நாயைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஸரமையின் பிள்ளையைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. வாசலில் நான் நடந்துகொண்டதோ அந்தத் தம்பியரைப்போல.

மறுநாள் காலை அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். ஜபல்பூரில் கால்நடை மருத்துவக் கல்வி 1948 முதல் நடந்துவருகிறது. ஆகவே அங்கே நல்ல மருத்துவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர் கத்தியின் விளிம்பால் தோலை, இரத்தம் லேசாகக் கசியும் அளவுக்குச் சுரண்டி, எண்ணெய்த் துளியில் இட்டு நுண்ணோக்கியில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். எட்டுக் கால்களோடு ஓர் உருவம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. சொறியை உண்டாக்கும் பூச்சி அது. தோலுக்குள் வளை தோண்டி, அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். சொறியில் வேறு வகையும் உண்டு. அது மயிர்க்கால்களில் வாழும் பூச்சியால் வருவது, மற்ற நாய்களுக்கோ மனிதர்களுக்கோ தொற்றாது என்றார். இது தொற்றும் வகை. கையுறை அணிய வேண்டும், படுக்கும் கோணியை அடிக்கடி கொதிநீரில் இட்டு வெயிலில் உலர்த்த வேண்டும், மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

மருந்து முட்டைகளைக் கொல்லாது. அவை பொரிந்து வரும்போது மறுபடியும் மருந்து காத்திருக்க வேண்டும். ஆகையால்தான் இரண்டு வார இடைவெளியில் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். எடை பார்த்து அளவிட்டுத் தரவேண்டிய மருந்து அது. கோலி போன்ற சில இன நாய்களுக்கு உயிராபத்தாகவும் முடியும். கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு நாமே போடக்கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் அன்பர்களில் இருவர், மோட்டார் வண்டியின் கழிவு எண்ணெயைத் தடவினால் ஒரே வாரத்தில் சரியாகும் என்றார்கள். மண்ணெண்ணெய் என்றார் இன்னொருவர். நாய் தன் உடலை நக்கும். அந்த விஷம் உள்ளே போகும். வெந்த தோல் இன்னும் வேகும். நல்லெண்ணம் மட்டும் போதாது. சேவை செய்பவன் அறிந்து செய்யவேண்டும்.

உணவிலும் அப்படியே. பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுத்தால், இரத்தத்திலுள்ள உப்புகளின் சமநிலை குலைந்து ஆபத்து நேரலாம். சிறிது சிறிதாக, நாளைக்கு நான்கு வேளை. புரதம் வேண்டும், வேகவைத்த முட்டை கொடுங்கள் என்றார் மருத்துவர். எங்கள் சமையலறையில் முட்டை நுழைவதில்லை. அடுத்த தெருவில் வசிக்கும் இல்லறத்தார் ஒருவர் தம் வீட்டில் வேகவைத்து நாள்தோறும் கொண்டுவந்தார். என்னிடம் சிலர் இதைப் பற்றி முகம் சுளித்துக் கேட்டார்கள். விதி நம் சமையலறைக்கு, நாய்க்கு அன்று. நடத்தையில் வேறுபாடு என்பதற்கு உண்மையான பொருள் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. பசுவிற்குப் புல்லையும், நோயுற்ற நாய்க்கு மருந்தையும், அதற்கு வேண்டிய உணவையும் கொடுப்பது. கோலைத் தட்டுவதன்று.

தர்ம சாஸ்திரங்கள் இல்லறத்தானுக்கு விதித்த பூதயக்ஞத்தில் நாய்க்கும் காக்கைக்கும் புழுவுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைத் தரையில் எறியக்கூடாது, மெல்ல வைக்கவேண்டும் என்று ஒரு சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள். மாதாஜி அந்த நூல்களைப் படித்தவரல்லர். இலையை அதன்முன் அப்படித்தான் வைப்பார், குனிந்து, இரு கைகளாலும்.

என்னுடைய கைகளோ முதல் வாரம் முழுவதும் கையுறைக்குள்ளும் கூசின. மருந்து கலந்த நீரை ஊற்றித் தேய்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உதடுகள் நாமத்தை ஜபித்துக்கொண்டிருந்தன. மனம் எப்போது முடியும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தது. மருத்துவர் சொன்ன எச்சரிக்கையை ஒருநாள் மறந்து, கையுறையில்லாமல் தூக்கினேன். சில நாட்களில் முன்கையில் சிறு சிறு கொப்புளங்கள் எழுந்தன. நாயின் பூச்சி மனிதத் தோலில் நெடுநாள் தங்காது, தானே அடங்கிவிடும். ஆனால் அடங்கும்வரை அரிப்பு இருக்கிறதே! இரவில் அது கூடும். விடியற்காலையில் தியானத்திற்கு அமர்ந்தேன். இருபது நிமிடம் உட்கார முடியவில்லை. எத்தனையோ ஆண்டுப் பயிற்சி, உள்ளங்கை அகலத் தோலின் முன்னால் நிற்கவில்லை.

அப்போதுதான் எழுந்து வெளியே போனேன். குளிரில் அது கோணியின்மேல் சுருண்டு, பின்னங்காலால் விலாவைச் சொறிந்துகொண்டிருந்தது. இந்த அரிப்பு அதற்குத் தலைமுதல் வால்வரை. எத்தனை மாதங்களோ தெரியாது. ஒருவரையும் கடிக்கவில்லை. அன்று முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. நாற்றம் அப்படியேதான் இருந்தது.

ஈசாவாஸ்ய உபநிஷத்தின் ஆறாவது மந்திரம், எல்லா உயிர்களையும் தன்னிலும், எல்லா உயிர்களிலும் தன்னையும் காண்பவன் எதனிடமிருந்தும் அருவருத்து விலகுவதில்லை என்கிறது. ஞானத்தின் பலனாக எத்தனையோ பெரிய பேறுகளைச் சொல்லியிருக்கலாம். ரிஷி அருவருப்பு நீங்குவதைச் சொல்கிறார். ஏன் என்று நான் முன்பு கேட்டதில்லை. என் உடலின் புண்ணை நான் அருவருத்து விட்டுப் போவதில்லை, கழுவுகிறேன், மருந்திடுகிறேன். பிறிது என்று எண்ணும் இடத்தில்தான் மூக்கைப் பொத்துகிறேன். உள்ளத்தை உருக்கும் அந்த ஒரே வெப்பம், 'பிறிது' என்றால் அருவருப்பாகிப் பின்வாங்குகிறது. 'தான்' என்றால் இரக்கமாகி முன்னே போகிறது. க்ருணை என்னும் சொல்லுக்கு இரு பொருள் அமைந்ததை அந்த விடியலில் நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். மொழியறிஞர்கள் வேறு காரணம் சொல்லலாம்.

மூன்றாவது வாரம் அது முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. பொருக்குகள் உதிர்ந்து, அடியில் சிவந்த தோல் வெளிப்பட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அஞ்சி மருத்துவரிடம் ஓடினோம். அவர் பார்த்துவிட்டு, இறந்த தோல்தான் போகிறது, தொடருங்கள் என்றார். ஐந்தாவது வாரம் நெற்றியில் பூனைமயிர் போல ஏதோ தெரிந்தது. அது வெள்ளை நாய் என்பதை ஏழாவது வாரம்தான் அறிந்தோம். தோல் தேறியபின் வெறிநோய்த் தடுப்பூசியும், கருத்தடை அறுவையும் செய்தோம். தெரு நாய்க்கு இரங்குபவர்கள் இவ்விரண்டையும் விட்டுவிடக்கூடாது. நாய்க்கடிக்கு அஞ்சும் அண்டை வீட்டாரும் நம் இரக்கத்திற்கு உரியவர்களே.

வருபவர்கள் எல்லோரும் அதிசயித்தார்கள். "சுவாமிஜி காப்பாற்றிய நாய்" என்று அதற்குப் பெயரே ஆகிவிட்டது. நானும் வகுப்பில் இரண்டொரு முறை அந்தக் கதையைச் சொன்னேன். சொல்லும்போது குரலில் ஒரு கனிவை வரவழைத்துக்கொண்டேன். உதிர்ந்த பொருக்கு வேறோர் இடத்தில் கட்டத் தொடங்கியிருந்தது. நல்லவேளை, நாய் அந்தப் பெயரை ஏற்கவில்லை. மாதாஜியின் காலடி ஓசை கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். என்னைக் கண்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும்.

அதற்கு இப்போது பிடரியில் அடர்ந்த ரோமம். பாதரட்சைகள் விடும் இடமே அதன் இடம். ஆனால் காவலர் கோலைத் தட்டிய அந்த வாசற்படியைத் தாண்டி, எவ்வளவு அழைத்தாலும், அது உள்ளே வந்ததில்லை. மழையிலும் வந்ததில்லை. ஆகவே வகுப்பு முடிந்ததும் நான்தான் வெளியே போய், படியின் கீழே, அதன் அருகில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.