இறையண்மையும் மனித அண்மையும்

இறைவனோடு அணுகி வாழ்தல் உலகினின்றும் விலகி வாழ்தலாகுமா? இவ்வினாவுக்கு யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு விடை பகர்கின்றது.

ஒல்லாந்தர் ஆட்சியில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் குருமாரின்றி வாடிய இலங்கைக் கத்தோலிக்கரை நாடி, 1687இல் கோவாவிலிருந்து ஏழைக் கோலத்தில் வந்தவர் அவர். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினராலும் கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று, சமயம் பாராது பணிவிடை செய்தார்.

அங்ஙனமாயின் தொண்டொன்றே போதாதோ, செபம் எதற்கு எனச் சிலர் வினவலாம். நோயச்சம் எத்தகைய நல்லுள்ளத்தையும் தளர்த்தவல்லது. யாவரும் அகன்ற இடத்தில் அவரை நிறுத்திய உறுதி, இறைவன்முன் நாள்தோறும் அமர்ந்திருந்த அமைதியில் விளைந்ததேயாகும்.

2015இல் கொழும்புக் காலிமுகத்திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஒருகொடவத்தையின் நெருங்கிய குடியிருப்புகளில் வாழும் விசுவாசிக்கும் அவர் காட்டிய அளவுகோல் ஒன்றே: அயலவன் துயரினின்றும் விலகியவன் இறைவனை அணுகியவன் ஆகான்.