வீணாகாத ஓராண்டு

அந்நாளில் சென்னையிலிருந்து ஹௌராவுக்குச் செல்லும் ரயில், வால்டேரைக் கடந்ததும் வங்காள-நாகபுரி ரயில்வேயின் இருப்புப்பாதையில் ஓடத் தொடங்கும். அந்த ரயில்வேயின் தலைமையகம் கல்கத்தாவில், ஹூக்ளிக் கரையிலுள்ள கார்டன் ரீச்சில் இருந்தது. இன்றைய தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் அங்கேதான். 1920-களில் தென்னாட்டு இளைஞர் சிலர் அப்பாதை சென்று சேரும் நகரத்தை நாடினர். அவர்கள் நாடியது உத்தியோகத்தை அன்று. பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய விஞ்ஞானக் கழகத்தில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி பயிலும் வாய்ப்பை.

அவர்களுள் ஒருவர் கே.ஆர். ராமநாதன். பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் 1893-இல் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் கல்லூரிப் பணியில் இருந்தவர். 1921 இறுதியில் கல்கத்தா வந்த அவருக்குக் கிட்டியது ஏறக்குறைய ஓராண்டே. பிறகு ரங்கூனில் ஆசிரியப் பணி காத்திருந்தது.

ஓராண்டு என்பது ஆராய்ச்சி மாணவனின் உள்ளத்தில் ஒரு பதற்றத்தை விதைக்கிறது. முடிவதற்குள் எதையேனும் காட்டியாக வேண்டுமே என்ற பதற்றம் அது. அதிலிருந்து ஒரு சோதனையும் பிறக்கிறது. எதிர்பார்த்த கணக்கோடு பொருந்துவதை ஏற்பதும், பொருந்தாததைப் பிழையென்று ஒதுக்குவதும் எளிது. யாரும் அதைப் பொய் என்று சொல்லப்போவதில்லை. அவனுடைய மனசாட்சிகூடச் சில சமயம் சொல்லாது. ஆண்டைப் பயனுள்ளதாக்குவது எது என்ற கேள்வி இங்கேதான் அறக்கேள்வியாகிறது.

ராமநாதன் ஆண்டு முடிந்ததும் கதவைச் சாத்திவிடவில்லை. 1923 கோடையில் மீண்டும் கல்கத்தாவில் ஆய்வில் ஈடுபட்டார். சோதனை எளிமையானது. சூரிய ஒளியை ஒரு நிறக் கண்ணாடி வழியே தூய திரவத்தினுள் செலுத்துவது. அந்த நிறத்தை முற்றிலும் தடுக்கும் மற்றொரு கண்ணாடியின் வழியே அதைப் பார்ப்பது. சிதறிய ஒளியின் நிறம் மாறாதிருந்தால் எதுவும் தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக ஓர் ஒளித்தடம் தெரிந்தது. திரவத்தில் கலந்த மாசுதான் காரணம் என்று அப்போது நம்பினார்கள். வெற்றிடத்தில் மெல்ல, மீண்டும் மீண்டும் வடித்துத் திரவத்தைத் தூய்மைப்படுத்தினார் ராமநாதன். தடம் போகவில்லை. அதற்கு மங்கிய ஒளிர்வு என்று பெயரிட்டு, கண்டதைக் கண்டபடி பதிவு செய்தார். பெயர் பிழை, பார்வை பிழையன்று.

அடுத்து கே.எஸ். கிருஷ்ணனும் பல திரவங்களை ஆராய்ந்தபோது அதே தடத்தைக் கண்டார். 1928 ஜனவரியில், அரசுப் பணியில் இருந்துகொண்டே கிடைத்த நேரத்தில் ஆராய்ந்த எஸ். வெங்கடேஸ்வரன், தூய கிளிசரினில் சிதறிய ஒளி நீலமாக இல்லாமல் பசுமையாக ஒளிர்வதைக் கண்டார். சாதாரண ஒளிர்வுக்கு இல்லாத முனைவாக்கம் அதில் வலுவாக இருந்தது. பிப்ரவரி 28 அன்று நிறமாலைமானியில் உண்மை தெளிவாயிற்று. அதுவே ராமன் விளைவு.

கனி கைக்கெட்டும் தொலைவிலிருந்தும் ராமநாதனுக்கு வாய்க்கவில்லையே என்று இரங்குவோர் உண்டு. இரக்கம் இயல்புதான். ஆயினும் கல்கத்தாவில் பழகிய கண் பிறகு சும்மா இருக்கவில்லை. 1925-இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். பூமியின் மேலுள்ள காற்றில் மிகக் குளிர்ந்த பகுதி துருவங்களுக்கு மேல் அன்று, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று 1929-இல் எடுத்துக்காட்டினார். எதிர்பார்ப்புக்கு மாறான இதையும் அவர் கருவியின் கோளாறென்று தள்ளவில்லை. பின்னாளில் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநராகவும் விளங்கினார்.

1930 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ராமன் தமது நோபல் உரையை ஆற்றினார். அதில் ஏழாண்டுகளுக்கு முந்தைய அந்த மங்கிய தடமும், அதை அழிக்காமல் எழுதி வைத்தவரின் பெயரும் இடம்பெற்றன.