போர்த்துவதும் புதைப்பதும்

இராயபுரத்தில் உறவினர் இல்லம் ஒன்றில் அண்மையில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. குடும்பத் தலைவர் துறைமுகத்தில் பணிபுரிபவர். மகள் கல்லூரி மாணவி. தாயும் மகளும் அமெரிக்கப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பதினாறு வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி, தான் கருவுற்றிருப்பதைத் தந்தையிடமும் சிற்றன்னையிடமும் சொல்ல வாயெடுக்கும் கட்டம் வந்தது. தாய் சட்டென்று எழுந்து தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். "அந்த இடத்தில் நம் அத்தா இருந்தால் என்ன சொல்வார்?" என்று மகள் கேட்டாள். யாரும் விடை கூறவில்லை. மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. அதையே சாக்காக வைத்து நாமும் எழுந்துவிட்டோம்.

பள்ளிவாசலுக்கு எழுந்து போவது எளிது. அந்தக் கேள்வியிடமிருந்து எழுந்து போவது எளிதாக இல்லை.

படத்தின் பெயர் 'ஜூனோ'. ஜேசன் ரைட்மன் இயக்கத்தில் 2007இல் வெளிவந்தது. அதை எழுதிய டயாப்லோ கோடி என்னும் பெண்மணிக்கு 2008இல் சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கார் விருது கிடைத்தது. கிண்டலும் வேடிக்கையுமாகச் செல்லும் சிறிய படம். மணத்திற்கு வெளியே நேரும் உறவை அது ஒரு பிழையாகவே எண்ணவில்லை. நம் மார்க்கம் எண்ணுகிறது. அதில் நமக்கு ஊசலாட்டம் கிடையாது. ஆயினும் நம் சகோதரி அணைத்துவிட்ட இடத்திற்குப் பின்னர் வருவதுதான் படத்தின் உயிர். தந்தை வீடுகளின் வெப்ப, குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்க்கும் உழைப்பாளி. அவர் மனம் உடைகிறார்; தம் ஏமாற்றத்தை ஒளிக்கவுமில்லை. ஆனால் வாசலைக் காட்டவில்லை. சிற்றன்னையோ, மருத்துவரைப் பார்ப்பது பற்றியும் சத்து மாத்திரை பற்றியும் பேசத் தொடங்குகிறார். பின்னொரு நாள் கருவைப் படம்பிடித்துக் காட்டும் ஊழியை அப்பெண்ணைக் குறித்து இழிவாக ஏதோ சொல்ல, அவளை வாயடைக்கச் செய்பவரும் அந்தச் சிற்றன்னையே. மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று கதை சொல்லி வளர்ந்த நமக்கு இது சற்றே உறைக்கத்தான் வேண்டும்.

தமிழில் இதே வாசற்படியில் நின்று எழுதியவர் ஜெயகாந்தன். 1966இல் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையில், மழை நாளில் அந்நியன் ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றுகிறாள். நீ தூய்மையாகிவிட்டாய், இதை எவரிடமும் சொல்லாதே என்கிறாள். அக்கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதே தாய் வாய்விட்டு அலறியிருந்தால் என்னவாகும் என்று பிறகு அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அதில் ஊரறிகிறது; அண்ணன் தங்கையை வெளியேற்றுகிறான்; அடைக்கலம் தந்த மாமனின் கண்ணோ தூய்மையானதாக இல்லை. 1977இல் பீம்சிங் அதைப் படமாக்கினார். நாயகியாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார்.

அப்படியானால் மறைப்பதுதான் அறமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். பிறர் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. ஆனால் அந்த மறைப்பு யாருக்காக என்பது பெரிய வினா. நடுங்குகிறவள் மேல் போர்வையைப் போர்த்துவதும் மறைப்புதான். அவளைக் குழியில் இட்டு மண் தள்ளுவதும் மறைப்புதான். பெண்மகவை உயிரோடு புதைத்த அரபியரும் குடும்ப மானத்தைத்தான் காரணம் காட்டினர். எந்தக் குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாள் என்று அந்தக் குழந்தையிடமே மறுமையில் கேட்கப்படும் என்கிறது திருமறை. அவசர அவசரமாக ஒரு நிக்காஹ், அதுவும் கெடுத்தவனுக்கே கட்டிவைப்பது. படிப்பை நிறுத்தித் தொலைவூரில் எவர் வீட்டிலோ ஒதுக்குவது. முறையற்ற கைகளில் கருவைக் கலைப்பது. இவற்றில் போர்வை எது, மண் எது?

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றை இங்கே நினைக்கிறோம். அவர்கள் மாசற்றவர்கள்; அவர்களுக்கு நிகழ்ந்தது இறைவனின் அற்புதம். எவருடனும் அவர்களை ஒப்பிடுவது நம் நோக்கமன்று. நாம் பார்ப்பது, தனித்து நின்ற ஒரு தாய்க்கு இறைவன் செய்த உபசாரத்தை மட்டுமே. பேரீச்சமரத்தடியில் வலி தாளாமல், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கியதைத் திருக்குர்ஆன் ஒளிக்கவில்லை. அப்போது அவர்களை வந்தடைந்தது கேள்வி அன்று. காலடியில் நீர், கைக்கெட்டிய கனி. ஊராருக்கு விடை சொல்லும் கடமையும் அன்று நீக்கப்பட்டது. கற்புள்ள பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி என்ற சட்டமும் இதே மறையில்தான் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஒரு சுவருக்கு இருபுறமும் குடித்தனங்கள் நெருங்கியிருக்கும் தெருக்களில், குழாயடியில் எத்தனை நாக்குகள் அந்தச் சட்டத்துக்குத் தப்பும் என்று நாம் எண்ணிப்பார்ப்பதுண்டு.

நம் நாட்டுச் சட்டமும் படத்தைப் போல இதை வேடிக்கையாகக் கொள்வதில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குட்பட்டவள் குழந்தை. அவள் இசைந்தாள் என்பது சட்டத்தின் முன் செல்லாது. செய்தி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்த அச்சத்தாலேயே பெற்றோர் அரசு மருத்துவமனைப் படியேறத் தயங்குகிறார்கள். இராயபுரத்திலேயே ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருந்தும், அக்கம்பக்கத்தார் கண்ணில் படுவோமே என்று தயங்குவோர் இருக்கக்கூடும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு நாடிவரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று கூறியது. கருக்கலைப்புப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டறிவதே முறை. அதற்குள் நாம் புகவில்லை. நாம் சொல்வது, செயல் மறைக்கப்படாமலே பெண்ணின் பெயர் காக்கப்பட்டதை. நீதிமன்றத்துக்குத் தோன்றிய இந்த நாகரிகம் நம் மஹல்லாக்களுக்குத் தோன்ற எத்தனை நாள் ஆகும்?

பையனைப் பற்றி ஒரு சொல். படத்தில் அவள் வயிறு பருக்கப் பருக்க, அவன் பள்ளி ஓட்டப்பந்தய அணியில் ஓடிக்கொண்டேயிருக்கிறான். கெட்டவன் அல்லன், சுமை அவன்மேல் ஏறவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளிலும் மகனிடம் அத்தா இதுபற்றிப் பேசுவதில்லை. பார்வையைத் தாழ்த்துமாறு அந்நூர் அத்தியாயத்தில் முதலில் கட்டளையிடப்பட்டவர் ஆண்களே என்பதை மேடைகளில் கேட்கவும் நமக்கு அதிகம் வாய்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து அவ்வில்லத்திற்கு மீண்டும் சென்றோம். தேநீர் கொடுத்துவிட்டு, மகள் அறையில் இல்லாத நேரம் பார்த்து, நம் சகோதரி தாழ்ந்த குரலில் சொன்னார்: "மீதிப் படத்தையும் பார்த்துவிட்டேன், அண்ணே. ராத்திரி, அவர் தூங்கிய பிறகு." சற்று நேரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "அந்தச் சித்தி ஆஸ்பத்திரியில் பேசினாளே... அந்த இடத்தை மட்டும் அவருக்கும் போட்டுக் காட்டலாமா என்று யோசிக்கிறேன்."