கூர்மையின் விலை

பறவைப் படம் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. இறகின் இழையை எண்ண முடியவேண்டும். கண்ணில் வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். ஆனால் கூர்மை எந்த வகை மதிப்பு என்று யாரும் கேட்பதில்லை. அது கருவியின் திறனா, உண்மையின் அளவா? இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டுதான் நாம் படங்களை மெச்சுகிறோம்.

கொரட்டூர் ஏரியில் தொழிற்சாலைக் கழிவும் வீடுகளின் சாக்கடையும் வந்து சேர்ந்த கதை பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. அந்தத் தண்ணீரின் ஓரத்தில் பவளக்காலி மேய்கிறது. நெடுங்கால் உள்ளான் என்றும் சொல்வார்கள். கறுப்புச் சிறகு, வெள்ளை உடம்பு, உடம்போடு சேராததுபோல் நீண்ட சிவந்த கால். ஓர் ஏப்ரல் ஞாயிறன்று, இரவல் வாங்கிய 400 மி.மீ. லென்ஸில் அதைப் படமெடுத்தேன். செகண்டில் 2000-ல் ஒரு பங்கு. கூர்மையான படம். பாங்கில் பார்த்தவர்கள் இது எந்தச் சரணாலயம் என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வி என்னைச் சங்கடப்படுத்தியது. நான் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் படம் எனக்காகப் பொய் சொல்லியிருந்தது. பத்து மீட்டரில் நிற்கும் பறவையை 400 மி.மீ. லென்ஸ் 5.6 திறப்பில் பார்க்கும்போது, கூர்மை நிலைக்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண். பறவை அந்தச் சாணுக்குள் நிற்கிறது. அதற்கு அப்பால் இருந்த நுரை, பிளாஸ்டிக் பை, அடுக்குமாடிக் கட்டடம் எல்லாம் இளம்பச்சையும் பொன்னுமாகக் கரைந்துவிட்டன. ஒன்றைக் கூர்மையாக்குவதென்றால் மற்றதை மங்கலாக்குவது. இது லென்ஸின் விதி மட்டுமல்ல.

மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். அ. மாதவையாவின் மகன், 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். வண்ணத்தை மறுத்துக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே கட்டிய பெருங்கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டார். அவருடைய யானைகள் பெரும்பாலும் தம் காட்டோடு நிற்கின்றன. இதை ஓர் அழகியல் தேர்வு என்றுதான் முன்பு நினைத்தேன். விலங்குக்கு அதன் இடத்தை விட்டுக்கொடுப்பது என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் கூர்மையைப் பழித்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அலகு திறந்திருந்தது. கண் நேராக என்மேல் இருந்தது. அது மேயவில்லை; கத்திக்கொண்டிருந்தது. அன்றே அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. நான் ஃபோகஸ் செய்துகொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு காமிரா இல்லாமல் கரைமேலிருந்து பார்த்தேன். ஒரு பவளக்காலி வயிற்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போய், நான் நின்ற இடத்துக்குச் சில அடி தள்ளி ஒரு சேற்றுமேட்டில் அமர்ந்தது. கோடையில் முட்டை வெந்துபோகாமல் காக்க அவை அப்படிச் செய்யும். படத்துக்காக நான் நின்ற நாற்பது நிமிஷமும் அந்த முட்டைகள் வெயிலில் கிடந்தன.

தூரத்திலிருந்து எடுத்தால் தொந்தரவில்லை என்பார்கள். லென்ஸ் உருவைப் பெரிதாக்குகிறது. இடையிலுள்ள காற்றைக் குறைப்பதில்லை. வெயில் ஏறினால் தண்ணீர்மேல் காற்று அலைந்து, எவ்வளவு விலையுள்ள கண்ணாடியையும் தோற்கடித்துவிடும். கூர்மை வேண்டுமென்றால் கிட்டம் வேண்டும். அதற்கு விலை உண்டு. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து நாம் அதைக் கொடுக்கலாம். பறவை தானே நெருங்கி வரக்கூடும். அல்லது எழுந்து நடந்து, பறவையைக் கொடுக்கவைக்கலாம். இரண்டு படமும் ஒரே கூர்மையோடு இருக்கும். என் படத்தைத் திறந்த அலகு காட்டிக்கொடுத்தது. ஒரு கணம் முன்னதாக, அலகு மூடியிருந்தபோது அழுத்தியிருந்தால் அந்தச் சாட்சியமும் இருந்திராது. படைப்பைத் தீர்மானிக்கப் படைப்புக்கு வெளியே எதுவும் வேண்டாம் என்று பல வருஷமாக வாதித்துவந்த எனக்கு இது சௌகரியமான முடிவல்ல.

படத்தை அழிக்கவில்லை. கேட்பவர்களிடம் அது கொரட்டூர் என்றும், அந்தப் பறவை பாடவில்லை என்றும் சொல்லிவருகிறேன்.