ஆணையும் உறுதியும்

தில்லியில் நமது உபநிடத வகுப்பிற்கு வரும் இளைஞர் ஒருவர் மத்திய அரசுப் பணியில் சேரவிருந்தார். ஒரு மாலை வகுப்பு முடிந்ததும் தயங்கியவாறு கேட்டார்: "சுவாமிஜி, பணியேற்கும்போது கையொப்பமிடும் படிவத்தில் 'ஸ்வேர்', 'அஃபர்ம்' என்று இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்றை அடித்துவிட வேண்டுமாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் இறைவனை மறுத்ததாகுமா?"

நாத்திகர் மட்டுமே 'அஃபர்ம்' என்பார் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது சரியன்று. 'ஸ்வேர்' என்பது ஆணையிடுதல். சொல்பவன் தனக்கு மேலான ஒருவரைச் சாட்சியாக அழைக்கிறான். 'அஃபர்ம்' என்பதன் வேர் லத்தீன் மொழியில் உறுதி, திண்மை என்ற பொருளுடையது. இங்கே சொல்பவன் தன் சொல்லைத் தானே தாங்கி நிற்கிறான். இங்கிலாந்தில் ஆணையிட மறுத்துச் சிறை சென்ற குவேக்கர்கள் ஆழ்ந்த பக்தர்கள். ஆணையிடவே வேண்டாம், 'ஆம்' என்றால் ஆம் என்றிருக்கட்டும் என்பது ஏசுபிரானின் மலைப்பொழிவு. அதை அப்படியே ஏற்றதால்தான் அவர்கள் மறுத்தார்கள்.

நமது அரசியலமைப்பின் 1948-ஆம் ஆண்டு வரைவில், குடியரசுத் தலைவரின் உறுதிமொழியில் 'அஃபர்ம்' முன்னும், 'ஸ்வேர்' அடைப்புக்குறிக்குள்ளும் இருந்தன. பின்னர் கடவுளின் பெயர் சேர்ந்தது. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, சமமாக இடம்பெற்றன. ஆனால் முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் 1949 அக்டோபர் 17 அன்று கொண்டுவந்த திருத்தத்தை, அதே சபை 41-க்கு 68 என்ற வாக்குகளில் ஏற்க மறுத்தது. எல்லோர் சார்பிலும் பேசும் முகவுரையில் ஒருவர் நம்பிக்கையை மற்றவர்மீது ஏற்றலாகாது. தனக்காகப் பேசும் உறுதிமொழியில் அவரவர் மனச்சான்றுக்கு இடமுண்டு. நல்ல பாகுபாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

தமிழகப் பதவியேற்பு விழாக்களில் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று கேட்கிறோம். அழகிய சொல். இடையின ரகரம் வல்லின றகரமாகி 'உளமாற' என்றால் உள்ளம் மாறிவிடும்! அச்சில் அப்படியும் பார்த்திருக்கிறேன்.

ஆணையிடுதலில் ஓர் ஆபத்து உண்டு. சாட்சி ஓரிடத்தில் மட்டுமே இருப்பதாக மனம் எண்ணிக்கொள்ளும். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று சந்நிதியில் ஆணையிட வேண்டிய நிலை சுந்தரருக்கு வந்தது. திருவாரூரை விட்டிருக்கவும் அவரால் இயலாது. எனவே, ஆணையிடும்போது கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்குமாறு இறைவனிடமே வேண்டினார். தம்பிரான் தோழர் அல்லவா! இறைவனும் இசைந்தார். ஆனால் மகிழின் கீழேயே ஆணை கேட்குமாறு சங்கிலியாரிடமும் சொல்லிவிட்டார். சுந்தரர் மரத்தடியில் ஆணையிட்டார். பின்பு வசந்த விழாக் காலத்தில் ஆரூர் நினைவு மேலிட, ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளி இழந்தன. காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மறு கண்ணும் பெறும்வரை அவர் பட்ட துயரைப் பெரியபுராணம் கூறுகிறது. தோழனுக்கும் அங்கே விலக்கு இல்லை.

கருவறையிலிருந்து மரத்தடிக்குச் சாட்சியை மாற்றலாம். உள்ளத்திலிருந்து எங்கே மாற்றுவது? பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் உத்தாலகருக்கு அந்தர்யாமியை உபதேசிக்கிறார்: மனத்தினுள் இருந்து மனத்தை இயக்குபவன், ஆனால் மனம் அவனை அறியாது. வேதாந்தியைப் பொறுத்தவரை, 'உளமார' என்பவனும் அந்தச் சாட்சியின் முன்னிலையில்தான் நிற்கிறான். நாத்திக அன்பர் இதை ஏற்கமாட்டார். அவரை வற்புறுத்தவும் தேவையில்லை.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் சொன்னேன். எந்தச் சொல்லை அடித்தார் என்று நான் கேட்கவில்லை.

சில மாதங்களுக்குப் பின் அவர் வாடிய முகத்துடன் வந்தார். தாம் பார்க்காத சரக்குகளை வந்து சேர்ந்ததாகக் காட்டிக் கையொப்பமிடுமாறு மேலதிகாரி கூறினாராம். எல்லோரும் செய்வதுதான், வெறும் சடங்கு என்று உடனிருப்போரும் சொன்னார்களாம். அந்தத் தாளில் கடவுளின் பெயரும் இல்லை, 'உளமார' என்ற சொல்லும் இல்லை. 'சரிபார்க்கப்பட்டது' என்ற ஒரு சொல்லும், அதன்கீழ் ஒரு கோடும் மட்டுமே இருந்தன.

"மகிழ மரம் நினைவுக்கு வந்தது, சுவாமிஜி" என்றார். தாளைக் கையொப்பமிடாமல் மேசைமீது வைத்துவிட்டு நேரே இங்கு வந்திருந்தார். மறுநாள் அலுவலகம் செல்ல அவருக்கு அச்சமாக இருந்தது. அன்றிரவு ஆசிரமத்திலேயே உணவருந்திவிட்டுச் சென்றார்.